அன்லாக் போன்ல நெட் வருது, கால் மட்டும் போகல

கேள்வி: சார் வணக்கம். வெளிநாட்டுல இருந்து வந்த சொந்தக்காரர் ஒருத்தர் தான் வச்சிருந்த போனை எனக்கு குடுத்தாரு, அன்லாக் போன் தான், எந்த சிம் வேணா போட்டுக்கோன்னாரு. என் சிம்மை போட்டேன், நெட் பறக்குது, வாட்ஸ்அப் கால் எல்லாம் நல்லா போகுது. ஆனா சாதாரணமா நம்பர் அடிச்சு கூப்பிட்டா ரெண்டு செகண்ட்ல கட் ஆகுது, எனக்கு யாராவது கூப்பிட்டா ஸ்விட்ச் ஆஃப்னு வருதாம். கஸ்டமர் கேர்ல கேட்டா உங்க போன் எங்க நெட்வொர்க்குக்கு சப்போர்ட் இல்லைங்கறாங்க, சொந்தக்காரரு அதெல்லாம் சும்மா சொல்றாங்க, சிம்மை மாத்தி வாங்குங்கறாரு. யாரை நம்பறது?

பதில்: ரெண்டு பேரையும் நம்பலாம்ங்க, ரெண்டு பேரும் வேற வேற விஷயத்தை சொல்றாங்க, அவ்வளவுதான். அன்லாக்னா இந்த போனை முதல்ல வித்த கம்பெனியோட சிம்மை மட்டும் தான் எடுப்பேன்னு இருந்த பூட்டு இப்ப இல்லைன்னு அர்த்தம். பூட்டு இல்லைங்கறதும் உள்ள விடுவாங்கங்கறதும் ஒண்ணு இல்லையே. நீங்க போட்டிருக்கற சிம்மோட கம்பெனி அந்த போன்ல காலை எப்படி அனுப்புதுங்கறது தனி கதை, உங்களுக்கு இடிக்கறது அங்க தான்.

கொஞ்சம் பின்னாடி போய் சொல்றேன். 2ஜி, 3ஜி காலத்துல கால் போறதுக்கு தனி வழி இருந்துச்சு, நெட்டுக்கு தனி வழி. அப்புறம் 4ஜி வந்தப்ப அதுல நெட்டுக்கு மட்டும் தான் வழி போட்டாங்க, கால் வந்தா போன் 4ஜியை விட்டு இறங்கி 3ஜிக்கோ 2ஜிக்கோ போய் பேசிட்டு திரும்ப மேல ஏறும், நமக்கு அது தெரியவே தெரியாது. அந்த பழைய வழி பெரும்பாலான போனுக்கு பொதுவா இருந்ததால அனேகமா எந்த நாட்டு போனா இருந்தாலும் கால் போச்சு. இப்ப அந்த வழியை ஒவ்வொருத்தரா மூடிட்டு வர்றாங்க. அமெரிக்காவுல ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியில 3ஜியை நிறுத்துச்சு, டி-மொபைல் அதே வருஷம் ஜூலையில, வெரைசன் டிசம்பர் கடைசியில. ஆஸ்திரேலியாவுல டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபர்ல. ஜியோ மாதிரி 2016ல ஆரம்பிக்கும் போதே 2ஜி, 3ஜி எதுவுமே இல்லாம வெறும் 4ஜியோட வந்த கம்பெனியும் இருக்கு.

அப்ப காலும் நெட் மாதிரியே 4ஜி மேலயே போகணும், அதுக்கு பேர் தான் வோல்ட்இ (VoLTE). இதுல என்ன வம்புன்னா, 4ஜி நெட்டுக்கு அந்த கம்பெனி ஓட்டற பேண்ட், அதாவது அலைவரிசை, போன்ல இருந்தா போதும், ஆனா வோல்ட்இக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியா ஒரு செட்டிங்ஸ் போனுக்குள்ள இருக்கணும். அந்த செட்டிங்ஸை போன் தயாரிக்கறவங்க சாஃப்ட்வேரோட சேர்த்து குடுக்கணும், சில இடத்துல சிம் கம்பெனியும் அந்த மாடலை டெஸ்ட் பண்ணி சரின்னு சொல்லணும். எந்த நாட்டுல விக்கறாங்களோ அந்த நாட்டு கம்பெனிகளுக்கான செட்டிங்ஸை போட்டு அனுப்புவாங்க, நீங்க இருக்கற இடத்துல அந்த மாடலை விக்கவே இல்லைன்னா யாரு மெனக்கெட்டு போடுவாங்க? ஏடி அண்ட் டி 3ஜியை மூடறதுக்கு முன்னாடி இந்தந்த மாடல் மட்டும் தான் வேலை செய்யும்னு லிஸ்டே போட்டுது, அதுல இல்லாத போன்ல வோல்ட்இ வசதி இருந்தும் நிறைய பேருக்கு கால் போகாம நின்னுச்சு.

உங்க போன்ல நடக்கறதும் பார்த்தா இதே மாதிரி தான் தெரியுது. நெட் 4ஜியில ஜம்முனு ஓடுது, நீங்க நம்பர் அடிச்சதும் போன் கீழ இறங்க பார்க்குது, கீழ ஒண்ணுமே இல்லை, கட். வெளியில இருந்து கூப்பிடறவங்களுக்கும் உங்களை எட்ட வழி இல்லாததால ஸ்விட்ச் ஆஃப்னு வருது. வாட்ஸ்அப் கால் வெறும் நெட்டு தானே, அதனால அதுக்கு இந்த தொல்லை இல்லை.

சிம்மை மாத்தறதுக்கு முன்னாடி அதே சிம்மை வேற யாராவது போன்ல போட்டு கால் பண்ணி பாருங்க. அங்கயும் போகலைன்னா தப்பு சிம்லயோ உங்க அக்கவுண்ட்லயோ இருக்கு, சில சமயம் நம்பர்ல வோல்ட்இ ஆஃப்ல இருக்கும், கஸ்டமர் கேர்ல சொன்னா ஆன் பண்ணி விடுவாங்க. அங்க நல்லா போச்சுன்னா உங்க போன் தான். செட்டிங்ஸ்ல சிம் இருக்கற பக்கத்துல வோல்ட்இன்னோ 4ஜி காலிங்னோ ஒரு ஸ்விட்ச் வருதான்னு பாருங்க, வரலைன்னா சாஃப்ட்வேர் அப்டேட் முழுசா போட்டு ரீஸ்டார்ட் பண்ணிட்டு திரும்ப பாருங்க. நிறைய ஆண்ட்ராய்டு போன்ல *#*#4636#*#* அடிச்சா ஒரு பக்கம் திறக்கும், அதுல ஐஎம்எஸ் ஸ்டேட்டஸ்ல ரிஜிஸ்டர்ட்னும், வாய்ஸ் ஓவர் எல்டிஇக்கு நேரா அவைலபிள்னும் இருந்தா வோல்ட்இ ஓடுது, நாட் ரிஜிஸ்டர்ட்னு இருந்தா இல்லை. வைஃபை காலிங்கை வச்சு ஓட்டிக்கலாம்னு சிலர் சொல்வாங்க, ஆனா அதுக்கும் அதே செட்டிங்ஸ் குடும்பம் தான் வேணும், ஒண்ணு இல்லைன்னா பெரும்பாலும் இன்னொண்ணும் இருக்காது. ஜியோ ஆரம்பிச்ச புதுசுல வோல்ட்இ இல்லாத 4ஜி போன்ல பேசறதுக்குன்னே அவங்களே தனியா ஒரு ஆப் குடுத்தாங்க, அந்த மாதிரி உங்க கம்பெனி ஏதாவது வச்சிருக்கான்னு கேட்டு பாருங்க.

எதுவுமே நடக்கலைன்னா அதை நெட்டுக்கு மட்டும் வச்சுக்கிட்டு பேசறதுக்கு வேற போனை வச்சுக்கோங்க. ஏன் இவ்வளவு கறாரா சொல்றேன்னா, அவசரத்துக்கு ஆம்புலன்ஸை கூப்பிடற நேரத்துல வாட்ஸ்அப் உதவாது. ஆஸ்திரேலியாவுல 3ஜியை மூடினப்ப தெரிஞ்ச சமாச்சாரம் இது, சில போன் சாதாரண காலை 4ஜியில அழகா அனுப்பும், 000ங்கற அவசர நம்பருக்கு மட்டும் 3ஜியை தேடிட்டு போகும். அந்த மாதிரி போனை நெட்வொர்க்லயே சேர்க்கக்கூடாதுன்னு அங்க ரூலே கொண்டு வந்துட்டாங்க. நல்லா ஓடற என் போனை ஏன்டா நிறுத்தினீங்கன்னு நிறைய பேர் திட்டினாங்க. எனக்கென்னவோ அந்த ரூல் சரின்னு தான் படுது.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல போன் வாங்க போறேன். விக்கறவர் அன்லாக்னு சொல்றாரு, நானே எப்படி செக் பண்றது?

பதில்: ஐபோன்னா சுலபம், செட்டிங்ஸ்ல ஜெனரல், அதுல அபவுட், கீழ கேரியர் லாக்னு இருக்கற இடத்துல நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்னு இருக்கணும். ஆண்ட்ராய்டுல வேற வேற கம்பெனி சிம் ரெண்டை கையோட எடுத்துட்டு போய் போட்டு பார்க்கறது தான் வழி, லாக் இருந்தா அன்லாக் பின் குடுன்னு கேக்கும். கனடாவுல 2017 டிசம்பர்ல இருந்தும், ஜப்பான்ல 2021 அக்டோபர்ல இருந்தும், பிரிட்டன்ல 2021 டிசம்பர்ல இருந்தும் புது போனை லாக் பண்ணி விக்கக்கூடாதுன்னு சட்டம், அதுக்கு அப்புறம் அங்க விற்பனைக்கு வந்ததா இருந்தா கவலை கம்மி.

லாக் வேற, பிளாக்லிஸ்ட் வேற, இதை குழப்பிக்காதீங்க. திருட்டு போனும் அன்லாக் போனா இருக்கலாம், ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியா ஐஎம்இஐன்னு ஒரு நம்பர் இருக்கும், அதை தடை பண்ணியிருந்தா அந்த நாட்டுல எந்த சிம் போட்டாலும் பொம்மை தான். *#06# அடிச்சா அந்த 15 இலக்க நம்பர் வரும். அதை டப்பாவுல இருக்கற நம்பரோட ஒப்பிட்டுட்டு, உங்க சிம் கம்பெனியோட சைட்ல போட்டு பாருங்க. விக்கறவரோட கூகுள், ஆப்பிள் அக்கவுண்ட் கழட்டியாச்சான்னும் பாருங்க, அது மூணாவது பூட்டு, அதை சிம் கம்பெனியால திறக்க முடியாது.

நானே ஒரு தடவை இப்படி ஒரு போனை வாங்கும் போது கடையிலயே சிம்மை போட்டு, யூட்யூப் ஓடுதா, ஓடுது, சரின்னு காசை குடுத்துட்டு வந்துட்டேன். ராத்திரி தான் யாருமே கூப்பிடலையேன்னு உறைச்சுது. அதுல இருந்து கடைக்குள்ளயே நின்னு ஒரு கால் பண்ணி, ஒரு காலை வர வச்சு, ஒரு எஸ்எம்எஸ்ஸும் வாங்கி பார்க்காம வெளிய வர்றதில்லை, கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும்.

கேள்வி: என் அன்லாக் போன்ல ரோட்டுல ஃபுல் டவர், வீட்டுக்குள்ள வந்தா ஒரே ஒரு கோடு. அதே கம்பெனி சிம் வச்சிருக்கற தம்பி போன்ல வீட்டுக்குள்ளயும் நல்லா வருது. போன் கெட்டு போச்சா?

பதில்: கெட்டு போகலைங்க, பேண்ட் குறையுது. ஒவ்வொரு கம்பெனியும் நாலஞ்சு அலைவரிசையில ஓட்டும், மெகாஹெர்ட்ஸ் எண் கம்மியா இருக்கற அலை தூரம் போகும், சுவரை தாண்டும், அந்த எண் பெருசா இருக்கறது வேகம் குடுக்கும் ஆனா சுவர் முன்னாடி சுருண்டுக்கும். ஜியோ 4ஜின்னா பேண்ட் 5 அதாவது 850 மெகாஹெர்ட்ஸ், பேண்ட் 3 அதாவது 1800, பேண்ட் 40 அதாவது 2300. டி-மொபைலுக்கு பேண்ட் 71ங்கற 600, வெரைசனுக்கு பேண்ட் 13ங்கற 700, ஐரோப்பாவுல நிறைய கம்பெனிக்கு பேண்ட் 20ங்கற 800. இந்த மாதிரி கீழ் அலை உங்க போன்ல இல்லைன்னா ரோட்டுல ராஜா, ரூம்ல பிச்சைக்காரன். இதை அப்டேட் போட்டு சரி பண்ண முடியாது, சட்டியில இருந்தா தானே அகப்பையில வரும்.

வாங்கறதுக்கு முன்னாடின்னா போன் பேரை வச்சு தேடாதீங்க, மாடல் நம்பரை வச்சு தேடுங்க. கேலக்ஸி எஸ்23 அல்ட்ராங்கறது பேர் ஒண்ணு தான், ஆனா எஸ்918க்கு பின்னாடி யு இருந்தா அமெரிக்க கம்பெனிகளுக்கானது, யு1 இருந்தா அமெரிக்காவோட அன்லாக் மாடல், பி இருந்தா பல நாட்டுக்கு போறது, என் (N) இருந்தா கொரியா. ஐபோன்ல அபவுட் பக்கத்துல மாடல் நம்பரை ஒரு தட்டு தட்டினா ஏ-ல ஆரம்பிக்கற நம்பரா மாறும், ஆப்பிள் சைட்ல அதுக்கு நேரா பேண்ட் லிஸ்ட் இருக்கும். உங்க கம்பெனி எந்த பேண்ட்ல ஓடுதுங்கறதை பக்கத்துல வச்சு பாருங்க, முக்கியமா 1000 மெகாஹெர்ட்ஸுக்கு கீழ ஒண்ணாவது பொருந்தணும். பழைய கட்டுரைகள்ல ஜிஎஸ்எம்மா சிடிஎம்ஏவான்னு, அந்த காலத்து ரெண்டு வகை நெட்வொர்க்கை பத்தி, பக்கம் பக்கமா எழுதியிருப்பாங்க, 4ஜி சிம் போட்டு ஓட்டற உங்களுக்கு அது தேவையே இல்லை, தாண்டி போயிடுங்க.

கேள்வி: 5ஜி போன், 5ஜி சிம், ஏரியாவுலயும் 5ஜி இருக்கு, போன்ல மட்டும் 4ஜின்னே காட்டுது. பேண்ட் எல்லாம் பொருந்துது, பார்த்துட்டேன்.

பதில்: பேண்ட் பொருந்தியும் வரலைன்னா சாஃப்ட்வேர்ல திறந்து விடலைன்னு அர்த்தம். 2022 அக்டோபர்ல இந்தியாவுல 5ஜி வந்தப்ப ஐபோன் 12ல இருந்து எல்லா மாடல்லயும் பேண்ட் இருந்துச்சு, ஆனா டிசம்பர்ல ஐஓஎஸ் 16.2 வர்ற வரைக்கும் பொதுவா யாருக்கும் 5ஜி வரலை. அதே போன், அதே சிம், ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் வந்துடுச்சு. இன்னொண்ணு, 4ஜி மேல சாஞ்சு ஓடற 5ஜி ஒரு ரகம், தனியா நிக்கற 5ஜி இன்னொரு ரகம், ஜியோவோடது ரெண்டாவது. உங்க போன்ல அந்த ரகம் உங்க கம்பெனிக்கு ஆன் ஆகலைன்னா பேண்ட் இருந்தும் வராது. அப்டேட் இனிமே வராத பழைய மாடல்னா விட்டுடுங்க, 4ஜியில என்ன குறைஞ்சு போச்சு.

கேள்வி: வேற நாட்டுக்கு போய் ஒரு வருஷம் தங்க போறேன், என் அன்லாக் போன்ல அந்த ஊர் சிம் போட்டா வேலை செய்யும் தானே?

பதில்: முதல் மாசம் வேலை செய்யறதை வச்சு முடிவு பண்ணாதீங்க. சில நாட்டுல வெளிய இருந்து வந்த போனோட ஐஎம்இஐயை பதிவு பண்ணி கட்டணம் கட்டணும், துருக்கியில உள்ளூர் சிம் போட்டு ஓட்டினா 120 நாள் கழிச்சு நிறுத்திடுவாங்க, பாகிஸ்தான்லயும் பதிவு பண்ணாத போனை தடுக்கற ஏற்பாடு இருக்கு. போன்ல ஒரு கோளாறும் இருக்காது, திடீர்னு ஒரு நாள் சிக்னல் போயிடும், நீங்க சர்வீஸ் சென்டருக்கு அலைஞ்சுட்டு இருப்பீங்க. அங்க ஏற்கனவே இருக்கறவங்க யாரையாவது கேட்டுட்டு கிளம்புங்க.

கேள்வி: அன்லாக் ஐபோன் 14 வாங்கினேன், சிம் போடற ஓட்டையே காணோம்!

பதில்: தேடாதீங்க, இருக்காது. அது அமெரிக்க மாடல், அதுல 14ல இருந்து இ-சிம், அதாவது போனுக்குள்ளயே பதிச்சிருக்கற சிம், மட்டும் தான். உங்க கம்பெனி இ-சிம் குடுக்குதான்னு கேளுங்க, குடுத்தா *#06# அடிக்கும் போது இஐடின்னு ஒரு நீள நம்பர் வரும், அதை கையில வச்சுக்கோங்க, கேப்பாங்க. குடுக்கலைன்னா அந்த போனை வித்துட்டு, அதே 14ல சிம் டிரே இருக்கற வேற நாட்டு மாடலா பார்த்து வாங்குங்க.