பூக்காத கொன்றைக்குத் தண்ணீரை நிறுத்துங்கள்

கேள்வி: பர்மாவில் மோல்மீனில் இருக்கிறோம் ஐயா. ஏழு வருடத்துக்கு முன் விதை போட்டு வளர்த்த சரக்கொன்றை இப்போது கூரையைத் தொடுகிறது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம், மாதாமாதம் யூரியா போடுகிறோம். இலை பச்சைப்பசேல் என்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிடவுக் மரம் (பர்மா வேங்கை) வருடம் தவறாமல் பூக்கிறது. எங்கள் மரத்தில் புழு வேறு. அக்கா வீட்டுக்காக மறுபடி போட்ட விதையும் முளைக்கவில்லை. மரத்தை வெட்டிவிடலாமா?

பதில்: வெட்டாதீர்கள் அம்மா. விதையிலிருந்து வந்த கொன்றை பூக்க நாலு வருடமும் ஆகும், எட்டு வருடமும் ஆகும். ஆனால் உங்கள் விஷயத்தில் காலத்தைவிட கவனிப்புதான் கூடிப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

பிடவுக்கோடு இதை ஒப்பிடாதீர்கள். அது பர்மியப் புத்தாண்டான திஞ்சான் சமயத்தில் ஒரு மழை விழுந்ததும் ஒரே நாள் பூத்துக் கொட்டிவிடும். கொன்றை நேர்மாறு. பனிக்காலம் முடிந்து மண் காய்ந்து, வெயில் ஏறி, இலை உதிர்ந்த பிறகுதான் சரம் விடும். கோடையிலும் நீங்கள் தினம் தண்ணீர் ஊற்றினால் மரத்துக்குக் கோடை வந்ததே தெரியாது. யூரியா இலையைத்தான் வளர்க்கும். இரண்டும் சேர்ந்தால் நீங்கள் எழுதியிருப்பதுபோல் பச்சைப்பசேல்தான்.

அதனால் நவம்பரில் மழை ஓய்ந்ததும் தண்ணீரை அடியோடு நிறுத்துங்கள். ஏப்ரல் வரை ஒரு குடம்கூட வேண்டாம். இலை மஞ்சளாகி உதிரும், பயந்துவிடாதீர்கள். யூரியாவை இனி தொடவே வேண்டாம். மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு கூடை மக்கிய சாண எரு போதும். உங்கள் ஊரில் வருடத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அடிமரத்தைச் சுற்றிப் பாத்தி இருந்தால் உடைத்து, நீர் வடிய வாய்க்கால் வெட்டுங்கள். வேர் நீரில் நிற்பது கொன்றைக்கு ஆகாது. வெயிலையும் பாருங்கள். பலா, மா நிழல் விழுந்தால் அந்தக் கிளையைக் கழியுங்கள், கொன்றையைக் கவாத்து செய்யாதீர்கள்.

ஒரு சந்தேகம். அது சரக்கொன்றைதானா? சிற்றிலை உள்ளங்கை நீளம், ஒரு காம்பில் நாலைந்து ஜோடி இருந்தால் ஆம். விரல் நீளத்தில் பத்து ஜோடி இருந்தால் அது பர்மியர்கள் மொட்டைச் சமைத்துச் சாப்பிடும் மெசலி. அதன் பூவும் மஞ்சள்தான், ஆனால் சரமாகத் தொங்காது.

புழுவுக்கு மருந்து அடிக்காதீர்கள். பச்சை உடம்பில் பக்கவாட்டில் கோடும் கருப்புப் புள்ளிகளும் இருந்தால் அது கொன்றை வெள்ளையன் வண்ணத்துப்பூச்சியின் புழு. மரம் மறுபடி துளிர்த்துவிடும்.

இனி விதை. முற்றிக் கருத்த காய் ஒன்றரை அடி இருக்கும். சுத்தியலால் தட்டி உடைத்தால் உள்ளே காசு அடுக்கியதுபோல் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் தார்போல ஒட்டும் கருப்புச் சதை, நடுவில் பளபளப்பான பழுப்பு விதை. சதையைக் கழுவி எடுங்கள், பிள்ளைகள் வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பேதியாகும். விதையின் ஓடு தண்ணீர் புகாத அளவுக்குக் கெட்டி. உங்கள் விதை முளைக்காததும் இதனால்தான் இருக்கும். உப்புத்தாளில் ஒரு பக்கம் தேயுங்கள். பளபளப்பு போய் உள்ளே வெளிறிய நிறம் தெரிந்ததும் நிறுத்தி, இரவு முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். காலையில் சில விதைகள் உப்பி இரண்டு மடங்காகியிருக்கும், அவற்றை மட்டும் விதையுங்கள். உப்பாததை மறுபடி தேயுங்கள். ஒரு வாரம், இரண்டு வாரத்தில் முளைக்கும். ஆணிவேர் சீக்கிரம் இறங்குவதால் ஆழமான பையில் போட்டு, முழங்கால் உயரம் வந்ததும் மழை தொடங்கும்போது நடச் சொல்லுங்கள். முதல் இரண்டு கோடையில் மட்டும் அக்கா தண்ணீர் ஊற்றலாம்.