கீழ்த்தளத்தில் கழிப்பறையா? முதலில் மட்டம் பாருங்கள்

காரைக்குடியைச் சுற்றிப் புதுவீடு கட்டுகிறவர்கள் பலர் பூமிக்குக் கீழே ஒரு தளம் தோண்டுகிறார்கள். தோண்டி முடித்தபின்தான் அங்கே கழிப்பறை வேண்டுமென்ற நினைப்பே வருகிறது. குழாய் வேலைக்காரன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: கொத்தனாரிடம் வெறுமனே ‘பேஸ்மெண்ட்’ என்று சொல்லாதீர்கள். அவர் அஸ்திவார மேடையை நினைத்துக்கொண்டு மூன்றடி உயர்த்திவிட்டுப் போவார்.

பள்ளத்தூரிலிருந்து: கீழ்த்தளத் தரை ரோட்டுக்கு ஆறடி கீழே. பின்பக்கம் நாற்பதடி தள்ளி செப்டிக் டேங்க். நேராகக் குழாய் விடலாமா?

முடியாது அண்ணே. கழிப்பறைப் பீங்கான் இருப்பதே ஆறடிக்குக் கீழே. குழாய் அதற்கும் ஓரடி கீழே ஓடும். நாலு இஞ்சுக் குழாய்க்கு நாற்பதடிக்கு ஓரடி வாட்டம் (சரிவு) கொடுத்தால் டேங்கை அடையும்போது எட்டடி ஆழம். டேங்கின் வாயோ இரண்டடியில் இருக்கிறது. தண்ணீர் எப்படி ஏறும்?

டேங்கையே ஆழமாக இறக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அப்படிச் செய்தால் டேங்குத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியும் ஆழமாகும். ஐப்பசி மழையில் ஊற்று ஏறினால் கழிவு போக இடமிருக்காது. கழிப்பறைக்குப் பக்கத்திலேயே காற்றுப் புகாத மூடியுடன் சின்னத் தொட்டி கட்டி, அதிலிருந்து டேங்குக்கு ஏற்ற, கழிவுநீருக்கென்றே உள்ள பம்பை வையுங்கள். சாதாரண சம்ப் மோட்டார் அடைத்துக்கொள்ளும். மேலேறும் குழாயில் திரும்பிவராமல் தடுக்கும் வால்வு ஒன்று, அதற்கு மேலே கேட் வால்வு ஒன்று. பம்புக்கு இன்வெர்ட்டர் இணைப்பும் கொடுத்துவிடுங்கள்.

அவரே: மாடிக் கழிப்பறைகளையும் அதே தொட்டியில் விட்டால் வேலை மிச்சமாகுமே?

கரண்ட் போகும் நாளில் வீடு முழுக்க நாறும். மேலே உள்ளவை தானாகவே வடியும், அவற்றை பம்பை நம்பி விடாதீர்கள்.

தேவகோட்டை ஆச்சி ஒருவர்: ஒரே ஒரு கழிப்பறைக்கு வெண்ட் பைப்பு எதற்கு? மேஸ்திரி வேண்டாம் என்கிறார், தம்பி.

மேஸ்திரி தப்பாகச் சொல்கிறார் ஆச்சி. பீங்கானுக்குக் கீழே வளைவில் இரண்டு இஞ்சுத் தண்ணீர் நிற்கிறதே, வாடையைத் தடுப்பது அதுதான். ஃப்ளஷ் செய்யும்போது குழாய்க்குள் காற்று இழுபடும். வெளியிலிருந்து காற்று வர வெண்ட் பைப்பு என்ற வழி இல்லாவிட்டால் அந்த நிற்கும் தண்ணீரையே உறிஞ்சிக்கொண்டு போகும். ‘களக் களக்’ என்று சத்தம் கேட்டால் இதுதான் விஷயம். பம்புத் தொட்டிக்கும் இதே கணக்கு: நிரம்பும்போது காற்று வெளியேற வேண்டும், இறைக்கும்போது உள்ளே வர வேண்டும்.

வெண்டுக்கு இரண்டு இஞ்சுக்குக் குறையாத குழாய் போடுங்கள். கழிவுக் குழாயின் மேல்முதுகிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் எடுத்தால் கசடு அடைக்கும். மொட்டைமாடிக்கு மேலே கொண்டுபோய், வாயில் கொசுவலை கட்ட வேண்டும். வளவு, அதாவது வீட்டு நடுவே வானம் பார்த்த முற்றம், வைத்துக் கட்டுகிறீர்கள் என்றால் அந்தத் திறப்புக்கு அருகில் மட்டும் முடிக்காதீர்கள். வாடை நேரே வளவுக்குள் இறங்கும்.

கானாடுகாத்தானிலிருந்து: வளவு மழைத்தண்ணீர் போகும் வடிகால் பக்கத்திலேயே இருக்கிறது. சேர்த்துவிடலாமா?

கூடவே கூடாது. அது தெரு வழியாக ஊருணிக்குப் போகிறதா என்று முதலில் விசாரியுங்கள், அப்புறம் இந்தக் கேள்வியே வராது. கிணறு இருந்தால் உறிஞ்சுகுழி அறுபதடியாவது தள்ளியிருக்க வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து: திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான் வீட்டைத் திறப்போம். கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

உண்டு. பூட்டிக் கிடக்கும் வீட்டில் வளைவுத் தண்ணீர் காய்ந்துவிடும், வெண்ட் இருந்தாலும் வாடை வரும். கிளம்பும்போது பீங்கானிலும் தரை வடிகாலிலும் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் காய்வது தாமதமாகும். வந்தவுடன் பம்பை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அதைத் தானாக ஓடவிடும் மிதவை ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

பழுதானால் தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே தேங்கும் வாயு ஆளைக் கொல்லும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கிக் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய வைப்பது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றமும்கூட. பம்பை மேலிருந்தே சங்கிலியால் தூக்கும்படி முதலிலேயே அமைத்துவிட்டால் இறங்க வேண்டிய வேலையே இல்லை.