காசு தராவிட்டால் தொடருக்கு வசனம் எழுத மறுக்கலாமா?

நீங்கள் தந்திருக்கும் விவரம் இவ்வளவுதான்: கொழும்பில் ஒரு தமிழ்த் தொடருக்கு இரண்டு பேராகச் சேர்ந்து வசனம் எழுதுகிறீர்கள். 26 எபிசோட் முடிந்துவிட்டது. காசு பாதிதான் வந்திருக்கிறது. ஹொலிவூட்காரர்கள் மாதிரி எழுத மறுத்தால் என்ன என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு வயது இருபத்தைந்துக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒப்பந்தம் எதிலும் கையெழுத்து வைத்திருக்கமாட்டீர்கள். "முதல்ல எழுதுங்கோ தம்பி, காசு எங்க போகப்போகுது?" என்றிருப்பார்கள். எனக்கும் இதே வசனத்தைத்தான் சொன்னார்கள்.

மறுக்கலாம். நாங்களும் மறுத்தோம், பதினொரு நாள்.

2013ஆம் ஆண்டு. எந்தத் தொலைக்காட்சி, எந்தத் தொடர் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். நுகேகொடைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில்தான் படப்பிடிப்பு. முன் அறை நாயகி வீடு, பின் அறை வில்லி வீடு, குசினி இரண்டு பேருக்கும் பொது. வாரத்துக்கு ஐந்து எபிசோட். நாங்கள் மூன்று பேர் முறைபோட்டு எழுதினோம்: நான், கொட்டாஞ்சேனையில் ஆசிரியையாக இருந்த ஓர் அக்கா, ஹட்டனில் இருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு தம்பி. எபிசோடுக்கு 2,500 ரூபாய் என்று வாயால் பேச்சு. காலையில் எடுக்கும் காட்சியை முதல் நாள் இரவு எழுதுவோம். போட்டோகொப்பியின் சூடு ஆறுவதற்குள் நடிகர்கள் அதைப் பாடமாக்கிக்கொண்டு நிற்பார்கள்.

தொண்ணூறாவது எபிசோட் நெருங்கும்போது நான் மட்டும் முப்பது எழுதியிருந்தேன், பன்னிரண்டுக்குத்தான் காசு வந்திருந்தது. மிச்சம் 45,000. மற்ற இரண்டு பேருக்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். தயாரிப்பாளரைக் கேட்டால் அனுசரணை தருகிற கொம்பனி இன்னும் செக் எழுதவில்லை என்பார். கொம்பனியின் செக்குக்கும் என் வீட்டு வாடகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை. அக்காவுக்கு வந்தது. வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடையில் தோசை சாப்பிட்டுக்கொண்டே அவர்தான் முடிவெடுத்தார்: காசு வரும்வரைக்கும் பிரதி இல்லை. அந்தக் கிழமைதான் மாமியாரின் ரகசியம் உடைய இருந்தது. "அதை எழுதாமல் என்ன செய்வினம் பார்ப்பம்" என்று மூன்று பேரும் சிரித்தோம்.

என்ன செய்தார்கள் தெரியுமா? நாயகியைக் கோயிலுக்கு அனுப்பினார்கள். ஒரு எபிசோடில் எட்டு நிமிடம் சாமி கும்பிட்டாள். அடுத்த நாள் பழைய காட்சிகளை எல்லாம் அவள் நினைத்துப் பார்த்தாள். நாங்கள் அறுபது எபிசோடாக வளர்த்து வைத்திருந்த தகப்பனை ஒரே தொலைபேசி அழைப்பில் கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். விளம்பரம் குறையவில்லை. என் பெரியம்மா தினமும் தவறாமல் பார்ப்பவர். அவரிடம் வித்தியாசம் ஏதும் தெரிகிறதா என்று கேட்டேன். "இப்பதான் கொஞ்சம் நல்லாப் போகுது" என்றார்.

பதினோராம் நாள் தயாரிப்பாளர் எனக்கு மட்டும் அழைப்பு எடுத்தார். "உங்கட காசை நான் தாறன், மற்ற ரெண்டு பேரிட்டையும் கதைக்க வேண்டாம்." எனக்கு இரண்டு மாத வாடகை பாக்கி, வீட்டுக்காரர் கீழ்மாடியிலேயே இருந்தார், படியிறங்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குவேன். போனேன். 20,000 காசாகத் தந்தார், 25,000க்குத் திகதி தள்ளி ஒரு செக். அன்றிரவே அந்த வீட்டுக் குசினியில் இருந்து மூன்று எபிசோட் எழுதினேன். மாமியாரின் ரகசியத்தை உடைத்தது நான்தான்.

ஒளிபரப்பான இரவே அக்கா அழைத்தார். என் வசனத்தில் எல்லா அம்மாமாரும் "என்னத்தைச் சொல்ல" என்றுதான் தொடங்குவார்கள், அதை வைத்துப் பிடித்துவிட்டார். "எழுதினது நீங்கள்தானே?" என்று மட்டும் கேட்டார், வைத்துவிட்டார். செக் திரும்பி வந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு முகம் இல்லை.

கருங்காலி என்று திட்ட வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சொல்லை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தவன்தான். ஆனால் வீட்டு வாடகையை அப்பா கட்டுகிறவர்களிடம் இருந்து அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

சரி, ஹொலிவூட்டுக்கு வருவோம். 2007 நவம்பரில் தொடங்கிய அமெரிக்க எழுத்தாளர் வேலைநிறுத்தம் 100 நாள் நடந்தது, இணையத்தில் ஓடும் நிகழ்ச்சிகளுக்கும் பங்கு வேண்டும் என்பது முக்கிய கோரிக்கை. 2023இல் 148 நாள். அதைப் பார்த்துத்தான் உங்களுக்கு ஆசை வந்திருக்கும். ஆனால் 2007இல் இரவுத் தொடர்கள் நின்றுபோனபோதும் பகல்நேர மெகா தொடர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஒவ்வொரு நாளும் ஒளிபரப்பாக வேண்டிய நாடகத்துக்கு எப்படியாவது ஆள் பிடித்துவிடுவார்கள். சங்கத்தின் முழு அங்கத்துவத்தை விட்டு விலகி, சந்தாவை மட்டும் கட்டிக்கொண்டு, வேலைநிறுத்த நேரத்திலும் எழுத அங்கே சட்டத்தில் வழி இருக்கிறது. அப்படி விலகிய 28 பேரின் பெயர்களைச் சங்கம் 2008இல் பகிரங்கமாக வெளியிட்டது. அதில் பலர் மெகா தொடர் எழுத்தாளர்கள். அந்தச் செய்தியை வாசித்த நாளில் எனக்கு வந்த உணர்ச்சி நிம்மதியா வெட்கமா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. சென்னையிலும் சின்னத்திரை எழுத்தாளர்களுக்குச் சங்கம் இருக்கிறது. தவிர, இந்தியாவில் 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, திரையரங்குக்கு வெளியே படம் பயன்படும்போது எழுத்தாளருக்கு வரவேண்டிய ரோயல்டியை அவரே எழுதிக் கொடுத்தாலும் பறிக்க முடியாதபடி செய்தார்கள். இங்கே எங்களுக்கு இருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். நான் சட்டத்தரணி இல்லை, சொந்தச் சூட்டில் வாசித்தவன். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால் நாடகத்தின் பொருளாதார உரிமை தயாரிப்பாளருக்குத்தான். ஆனால் உங்கள் பெயரைப் போடவேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுடையது. ஆகவே காசுக்கு ஒப்பந்தம்தான் வழி. தொழிற்சங்கம் பதிய ஏழு பேர் போதும் என்று 1935ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சொல்கிறது. கொழும்பில் தமிழ்த் தொடர் எழுதும் ஏழு பேரை ஒரு மேசையில் இருத்திப் பாருங்கள், அப்புறம் என்னிடம் சொல்லுங்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எழுதுகிறவன் என்று தெரிந்தால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது கல்வெட்டு. செத்த வீட்டில் 31ஆம் நாள் கொடுக்கிற புத்தகத்துக்கு வெண்பா, புலம்பல், பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் வருகிற மாதிரி நாலு விருத்தம். அச்சகத்துக்குக் காசு கொடுப்பார்கள், மண்டபத்துக்குக் கொடுப்பார்கள், சமையல்காரருக்கு முற்பணமே கொடுப்பார்கள். எனக்கு வடை, பாயசம், "உங்கட கை ராசியான கை." செத்தவீட்டுக் கையில் என்ன ராசி? ஒருமுறை லண்டன் மகன் ஒருவர் விருத்தத்தில் தன் பெயர் மூன்றாவதாக வருகிறது என்று இரவு பன்னிரண்டு மணிக்கு அழைத்துச் சண்டை பிடித்தார். அதற்கும் காசில்லை.

உங்கள் விடயத்துக்கு வருகிறேன். அடுத்த பிரதியை அனுப்ப முன்னம், வரவேண்டிய தொகையை எபிசோட் இலக்கத்தோடு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். "ஓம் தம்பி, தாறன்" என்று ஒரு வரி வந்தால்கூட ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள், நாளைக்கு மத்தியஸ்த சபைக்குப் போனால் காட்ட ஏதாவது இருக்கும். என்னிடம் அதுகூட இருக்கவில்லை. பின்திகதிச் செக் வாங்காதீர்கள். நிறுத்துவதென்றால் கோயில் காட்சியும் கனடா அழைப்பும் எடுக்க அவகாசம் கொடுக்காமல், படப்பிடிப்புக்கு முதல் நாள் இரவு நிறுத்துங்கள்.

கூட எழுதுகிறவரைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. நிறுத்த முன்னம் அவர் எத்தனை மாத வாடகை பாக்கி என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தால் அதைக் கட்ட ஏதாவது கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.