'ஸவுண்ட்ஸ்' கெட்ட வார்த்தையா?

கேள்வி: கல்லூரி நாடகக் குழுவில் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வை ஆங்கிலத்திலேயே போடுகிறோம். என்னிடம் உள்ள புத்தகத்தில் வில்லன் இயாகோ 'ஸ்ப்ளட்' ('Sblood), 'ஸவுண்ட்ஸ்' (Zounds) என்று சொல்கிறான். தோழியின் பதிப்பில் அந்த வார்த்தைகளே இல்லை. அகராதி 'வியப்புக் குறிப்பு, வழக்கொழிந்தது' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. இவை கெட்ட வார்த்தைகளா? மேடையில் சொல்லலாமா? எப்படி உச்சரிப்பது?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். விட்டுவிட்டால் நாடகத்துக்குத்தான் நஷ்டம்.

'ஸவுண்ட்ஸ்' என்பது 'கடவுளின் காயங்கள்' என்ற ஆங்கிலத் தொடர் தேய்ந்து வந்த வடிவம். சிலுவையில் இயேசு பட்ட காயங்கள் மேல் ஆணை, அதாவது சத்தியம், என்று பொருள். 'ஸ்ப்ளட்' அதேபோல கடவுளின் ரத்தம். கடவுள் பெயரை விழுங்கிவிட்டு, அதன் கடைசி 'ஸ்' ஓசையை மட்டும் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டார்கள். கண்ணிமையைச் சொல்லும் 'ஸ்லிட்', ஒளியைச் சொல்லும் 'ஸ்லைட்' எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

நம் ஊரில் கெட்ட வார்த்தை என்றதும் உடலுறுப்பும் அடுத்தவர் வீட்டுப் பெண்களும்தான் நினைவுக்கு வரும். அன்றைய இங்கிலாந்தில் அதைவிடக் காதைச் சுட்டது, கடவுள் பெயரை வீணாக இழுப்பது. 'சும்மா சும்மா சாமி மேல சத்தியம் பண்ணாதே' என்று பாட்டி அதட்டுவாரே, அந்த அச்சம் அங்கே பல மடங்கு இருந்தது. இயேசுவின் அங்கங்கள் மேல் ஆணையிடுகிறவன் அவர் உடலை மறுபடியும் கிழிக்கிறான் என்று இடைக்காலப் பாதிரியார்கள் பிரசங்கம் செய்தார்கள். பக்கிங்ஹாம்ஷயரின் ப்ராட்டன் ஊர்த் தேவாலயச் சுவரில் இதை ஓவியமாகவே தீட்டியிருக்கிறார்கள். சிதைந்த மகனை மரியாள் மடியில் கிடத்தியிருக்கிறார். சுற்றி நிற்கும் இளைஞர்களின் கைகளில் அவருடைய உறுப்புகள். ஆணையிட்டே பிய்த்தெடுத்தவர்கள் அவர்கள். இதைப் பார்த்த பிறகு 'வியப்புக் குறிப்பு' என்ற விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, தோழியின் புத்தகத்தில் ஏன் இல்லை? 1606-இல், முதலாம் ஜேம்ஸ் காலத்தில், நாடகங்களில் கடவுள், இயேசு, பரிசுத்த ஆவி, திரித்துவம் ஆகிய பெயர்களை விளையாட்டாகவோ அவமதிப்பாகவோ சொல்லக் கூடாது என்று சட்டம் வந்தது. மீறினால் ஒவ்வொரு முறைக்கும் 10 பவுண்டு அபராதம். அதில் பாதி அரசருக்கு, மீதிப் பாதி புகார் செய்தவருக்கு. காட்டிக்கொடுப்பவருக்குப் பங்கு உண்டு என்றால் எந்த நாடகக் குழுதான் துணியும்?

ஆனால் சட்டம் மேடைப் பேச்சைத்தான் கட்டுப்படுத்தியது, அச்சுப் புத்தகத்தை அல்ல. அதனால் 1622-இல் வந்த 'ஒதெல்லோ' தனிப் பதிப்பில் இயாகோ வாயைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே 'ஸ்ப்ளட்' என்கிறான். அடுத்த ஆண்டு, 1623-இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில் அதே வரி அந்தச் சொல் இல்லாமல் நிற்கிறது. ஒதெல்லோவின் மனைவி டெஸ்டமோனாவின் தந்தையை நள்ளிரவில் எழுப்பி 'உங்கள் வீடு கொள்ளை போய்விட்டது' என்று கத்தும் இடத்திலும் 'ஸவுண்ட்ஸ்' காணாமல் போயிருக்கிறது. தோழியின் பதிப்பு இந்தத் தொகுப்பைப் பின்பற்றியது. இன்றைய பதிப்பாசிரியர்கள் பலர் ஆணைச் சொற்களைத் திரும்பச் சேர்த்துவிடுகிறார்கள்.

எது ஆணை, எது வெறும் அழுத்தம் என்பதில் அன்றைய ஆங்கிலேயர்களுக்குள்ளேயே தகராறு இருந்தது. 1634-இல் தணிக்கை அதிகாரி ஹென்றி ஹெர்பர்ட் ஒரு நாடகத்தில் 'ஸ்லைட்' போன்ற சொற்களை அடித்துவிட்டார். அரசர் முதலாம் சார்லஸே கையெழுத்துப் பிரதியைப் பார்த்து, இவை ஆணைகள் அல்ல, அழுத்தச் சொற்கள்தான் என்று தீர்ப்புச் சொன்னார். ஹெர்பர்ட் பணிந்தார். 18-ஆம் நூற்றாண்டில் 'ஸவுண்ட்ஸ்' தேய்ந்து, நகைச்சுவை நாடகக் கிழவர்களின் முனகலாகிவிட்டது.

யார் சொன்னார்கள் என்பதும் முக்கியம். இது சேரிப் பேச்சு அல்ல. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' முதல் பாகத்தில் பிரபு குலத்து ஹாட்ஸ்பர் தன் மனைவியிடம், மிட்டாய்க்காரன் பெண்டாட்டி மாதிரி மென்மையாக ஆணையிடாதே, சீமாட்டிக்கு ஏற்றபடி வாய் நிறைய ஆணையிடு என்கிறான். வாள் கட்டிய கூட்டத்தின் திமிர் இது. உங்கள் இயாகோ அந்தத் திமிரோடு சொல்ல வேண்டும், அசட்டுச் சிரிப்போடு அல்ல.

உச்சரிப்பு இரண்டு உண்டு. இன்று அதிகம் கேட்பது 'ஸவுண்ட்ஸ்'. காயத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் இன்றைய ஓசையோடு ஒட்டி 'ஸூண்ட்ஸ்' என்றும் சொல்வார்கள். நான் இரண்டாவதைப் பரிந்துரைப்பேன். காயம் காதில் விழும், ஓசையைக் குறிக்கும் 'சவுண்ட்ஸ்' என்று யாரும் குழம்ப மாட்டார்கள். எதுவானாலும் குழு முழுவதும் ஒரே மாதிரி சொல்லுங்கள். முதல் எழுத்து வண்டு ரீங்காரம் போல் அதிர வேண்டும். அன்றாட ஆங்கிலத்தில் மட்டும் வேண்டாம், வேஷம் கலைக்காமல் வந்தவர் பேசுவது போலிருக்கும்.

ஒத்திகையில் ஓர் இடத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். முதல் அங்கத்தில் உருவிய வாள்களுக்கு முன்னால் நிதானமாக நின்ற ஒதெல்லோ, சைப்ரஸில் குடிபோதைச் சண்டையை அடக்க வரும்போது 'ஸவுண்ட்ஸ்' என்று வெடிக்கிறான். ஞானஸ்நானம் பெற்ற தளபதி அவன். இயாகோவின் வார்த்தை அவன் வாய்க்கு வந்துவிட்டது. அந்த வரியை வெட்டாதீர்கள்.