மாரத்தான் பயிற்சியைக் குழுவோடு எடுப்பதா, தனியாக எடுப்பதா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் வசிக்கிறேன், வயது 38. இதுவரை 10 கிலோமீட்டர் வரை ஓடியிருக்கிறேன். வரும் ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் ஓட ஆசை. செயலி கொடுக்கும் அட்டவணையை வைத்துத் தனியாகப் பயிற்சி எடுக்கலாமா, ஓட்டக் குழுவில் சேர வேண்டுமா? நம் ஊர் மாதிரி இடத்தில் குழு சரிப்பட்டு வருமா?

பதில்:

ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்தை, அதாவது வாரத்திலேயே அதிக தூரம் ஓடும் ஓட்டத்தை, குழுவோடு ஓடுங்கள். வாரநாள் ஓட்டங்களைத் தனியாக ஓடுங்கள். இவ்வளவுதான் என் பதில். செயலியின் அட்டவணையும் கெட்டதில்லை. ஆனால் நம் ஊர் ஏப்ரல் வெயிலோ, ராத்திரி பத்தரைக்குக் கடை சாத்துகிறவரின் தூக்கமோ அதற்குத் தெரியாது.

நான் கிருஷ்ணகிரியில் மருந்துக்கடை வைத்திருக்கும், நாற்பதைத் தாண்டிய பெண். குழுவைப் பற்றி ஆண்களிடம் கேட்டால் ஊக்கம், போட்டி, வேகம் என்று பேசுவார்கள். எனக்கு அது வேறு கணக்கு. விடிகாலை நாலே முக்காலுக்கு ஒரு பெண் தனியாக அணைப் பக்கம் ஓட முடியுமா? நாய் துரத்தும். பைக்கில் போகிறவன் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்ப்பான். அதைவிட, "இவளுக்கு இந்த வயசுல என்ன ஓட்டம்" என்று தெருவில் பேச்சு வரும். குழு இருப்பதால்தான் நான் ஓடவே செய்கிறேன். பெண்களுக்கு ஒலிம்பிக்கில் மாரத்தான் வந்ததே 1984-இல், லாஸ் ஏஞ்சல்ஸில்தான். ஆண்களுக்கு அது 1896-லிருந்தே இருக்கிறது. அப்படிப் பார்த்தால் எங்கள் தெருவை ரொம்பவும் குறை சொல்ல முடியாது.

சரி, நீள ஓட்டத்துக்கு மட்டும் ஏன் குழு?

நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். ஆக்லாந்தில் தன் அக்கம்பக்கத்துப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு, மலைச் சாலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் ஞாயிறுதோறும் ஓட வைத்தார். மாரத்தான் ஓடுகிறவர், 5000 மீட்டர் ஓடுகிறவர், 800 மீட்டர் ஓடுகிறவர் எல்லாரும் அதே சாலையில்தான் ஓடினார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அந்தக் கும்பலில் இருந்து பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். பேரி மேகி மாரத்தானில் வெண்கலம். அப்புறம் இதய நோய் வந்து தேறியவர்களைக்கூட, பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் அவர் ஓட வைத்தார். இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கும் ஜாகிங் குழுக்களுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

பேசிக்கொண்டே ஓடுவது என்பதைக் கவனியுங்கள். நீள ஓட்டத்தின் வேலை உங்களைக் களைப்படைய வைப்பதில்லை. மெதுவாக, நீண்ட நேரம் ஓடும்போது தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. கொழுப்பை எரித்து ஓடப் பழகுகிறது உடம்பு. தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்த மாவுச்சத்து பெரும்பாலானவர்களுக்கு 30 கிலோமீட்டரை ஒட்டித் தீர்ந்துவிடும். அதற்கு மேல் கால் நகராது. கொழுப்பை எரிக்கப் பழகிய உடம்பில் அந்தச் சேமிப்பு கொஞ்சம் தள்ளித்தான் தீரும். இதற்குப் போட்டி நாள் வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடமாவது மெதுவாக ஓட வேண்டும். தனியாக ஓடுகிற யாருக்கும் அந்தப் பொறுமை வராது. காதில் பாட்டு, கையில் கடிகாரம், பத்தாவது கிலோமீட்டரில் கண் தானாக வேகத்தைப் பார்க்கும். பக்கத்தில் ஓடுகிறவர் மகளின் நீட் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தால் நீங்கள் மெதுவாகத்தான் ஓடுவீர்கள்.

ஆனால் குழு இதற்கு நேர் எதிராகவும் வேலை செய்யும். நம் மாவட்டத்தில் விளையாட்டு மைதானத்துக்குக் காலையில் போனால் யார் இருப்பார்கள்? காவலர் தேர்வுக்குத் தயாராகும் தம்பிகள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும் அவர்களுக்கு. ராணுவத்துக்குப் போகும் தம்பிகளும் உண்டு. நல்ல பிள்ளைகள், "அக்கா, நானும் வரட்டுமா" என்று ஞாயிறு வருவார்கள். முதல் இரண்டு கிலோமீட்டரில் கிலோமீட்டருக்கு ஐந்து நிமிட வேகத்தில் பறப்பார்கள். அவர்கள் பின்னால் நாற்பது வயது வங்கிக்காரர்கள் மூச்சிரைக்க ஓடுவார்கள். தம்பிகளுக்கு ஒன்றும் ஆகாது. வங்கிக்காரர்களுக்கு அடுத்த வாரம் முழங்காலில் ஐஸ் பை.

அதனால் ஒரு குழுவில் சேரும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: கடைசியாக வருகிறவரோடு யார் ஓடுகிறார்கள்? அனுபவமுள்ள யாராவது ஒருவர் முறை வைத்துப் பின்னால் வருகிறார் என்றால் சேருங்கள். முன்னால் போன ஆட்கள் டீக்கடையில் உட்கார்ந்து கைப்பேசியில் படம் போட்டுக்கொண்டிருக்க, கடைசி ஆள் தனியாக இருட்டில் வருகிறார் என்றால் வேண்டாம். டிரஸ், பதக்கம், வாட்ஸப் குழுவில் எத்தனை பேர் என்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

வேகம் வேறுவேறாக இருக்கிறவர்களை ஒன்றாக வைத்துக்கொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. தூரத்தைச் சொல்லாமல் நேரத்தைச் சொல்லுங்கள். எல்லாரும் ஒரே இடத்தில் கிளம்பி ஒரு மணி நேரம் நேராகப் போக வேண்டும். மணி ஆனதும் யார் எங்கே இருக்கிறாரோ அங்கேயே திரும்ப வேண்டும். வேகமானவர் பத்து கிலோமீட்டரில் திரும்புவார், மெதுவானவர் ஏழில் திரும்புவார். போன வேகத்திலேயே வந்தால் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கிளம்பிய இடத்துக்கு வந்து சேர்வார்கள். முதல் பாதியில் பின்தங்கியவர் திரும்பும்போது முன்னால் ஓடுவார். அவருக்கு அது தரும் சந்தோஷத்தைப் பார்த்திருக்கிறேன். முன்னால் பறந்தவர் திரும்பும்போது தாமதமாக வந்தால், போகும்போதே அளவுக்கு மீறி ஓடினார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

இனி எங்கே ஓடுவது. தேசிய நெடுஞ்சாலை சர்வீஸ் ரோட்டில் இருட்டில் ஓடவே வேண்டாம். பெங்களூர் லாரியும் சென்னை லாரியும் நம் ஊரில்தான் பிரிகின்றன. ராத்திரி முழுக்க ஓட்டி வந்த டிரைவருக்குக் கண் சொக்கும் நேரமும் நாம் ஓடும் நேரமும் ஒன்றே. மாம்பழ சீசன் வந்துவிட்டால் உள்சாலைகளும் கஷ்டம். மாங்கூழ் ஆலைக்குப் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். கே.ஆர்.பி. அணையைச் சுற்றிய கிராமச் சாலைகளும் கால்வாய்க் கரை மண் பாதையும் நல்லது. மண் பாதையில் முழங்காலுக்கு அடி குறையும். ஊரிலிருந்து அணை பத்து கிலோமீட்டருக்குள்தான், பைக்கில் போய்விட்டு அங்கிருந்து ஓடத் தொடங்கலாம். ஏற்றம் வேண்டுமென்றால் ஓசூர்ப் பக்கம் போகலாம், அந்த ஊர் நம்மைவிட முந்நூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. எங்கே ஓடினாலும் வண்டிக்கு எதிர்முகமாக, சாலையின் வலது ஓரமாக ஓடுங்கள். ரோடு போடுகிறவர்கள் போடும் பளபள ஜாக்கெட் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் சாப்பாடும் என் தொழில் சம்பந்தப்பட்டவை என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கும். பேரீச்சம்பழம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வசதி. கடலைமிட்டாய் ஓடி முடித்த பின் சாப்பிடுங்கள், ஓடும்போது அந்தக் கொழுப்பு வயிற்றில் நிற்கும். கேழ்வரகுக் களியும் அப்படித்தான். நம் ஊரில் களி சாப்பிட்டால் பலம் என்று யாரும் சொல்வார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் நார்ச்சத்து அதிகம், ஓடும் காலையில் வேண்டாம். முந்தின ராத்திரிக்கு இட்லியோ சோறோ போதும்.

உப்புச்சர்க்கரைப் பொடி பாக்கெட்டில் "ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கவும்" என்று போட்டிருக்கும். அதை ஒரு டம்ளரில் கலந்து குடித்துவிட்டு வாந்தி வருகிறது என்று கடைக்கு வருகிறார்கள். லிட்டர் என்றால் லிட்டர்தான். இன்னொரு பக்கம், பயந்துபோய் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைசுற்றி விழுந்தவர்கள் உண்டு. தாகம் எடுத்தால் குடியுங்கள்.

ஞாயிறு காலையில் "முழங்கால் வலிக்குது, ஒரு டைக்ளோ கொடுங்க, ஓடிட்டு வந்துடறேன்" என்று கேட்கிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது ஒன்று. அதைவிட, நீண்ட நேரம் வியர்த்து ஓடும்போதே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்திருக்கும், டைக்ளோ மாதிரி வலி மாத்திரைகள் அதை இன்னும் குறைக்கும். வலி இருந்தால் அன்றைக்கு ஓடாதீர்கள். குழுவில் இருப்பவர்கள் "வாங்க சார், ஓடினா சரியாயிடும்" என்பார்கள். கேட்காதீர்கள்.

வாரநாளைத் தனியாக ஓடச் சொன்னது ஏனென்றால், அவரவர் வேலை வேறு, தூக்கம் வேறு. ஷிப்ட் முடித்து வந்தவரை ஐந்து மணிக்கு எழுப்பி வேகப் பயிற்சி செய்ய வைப்பதில் அர்த்தமில்லை. வாரத்தில் இரண்டு நாள் நிதானமாக ஆறிலிருந்து எட்டு கிலோமீட்டர், ஒரு நாள் கொஞ்சம் வேகம். வேக நாளில் உங்கள் மூச்சு உங்களுக்கே தெரிய வேண்டும், பக்கத்து ஆளின் மூச்சு குழப்பும். தனியாக ஓடப் பயமாக இருக்கும் பெண்கள் மைதானத்துக்குள் ஓடலாம், அல்லது ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 10 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறீர்கள் என்றால் இந்த ஜனவரியில் 21 கிலோமீட்டர் ஓடுங்கள், முழு மாரத்தானின் 42.195-ஐ அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் முழு மாரத்தானுக்கு நீள ஓட்டம் 30 கிலோமீட்டர் வரையாவது போக வேண்டும். வாரம் இரண்டு கிலோமீட்டர் கூட்டி, நான்காவது வாரம் குறைத்து, கடைசி மூன்று வாரம் படிப்படியாக இறக்கி என்று கணக்குப் போட்டால் பதினாறு வாரம் ஆகும், செப்டம்பர் நடுவில் தொடங்குகிறவருக்கு மூச்சு விட இடம் இருக்காது. நடுவில் ஒரு காய்ச்சல், ஒரு கல்யாணம், ஒரு வாரம் மழை வந்தால் கணக்கு உடைந்துவிடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால், இல்லாவிட்டாலும் உங்கள் வயதில், ஒருமுறை மருத்துவரைப் பார்த்து ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

சென்னைக்குப் போகும் நம் ஊர்க்காரர்கள் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இங்கே டிசம்பர் காலையில் குளிர்ந்த, வறண்ட காற்று. அங்கே கடற்கரைக் காற்றின் ஈரத்தில் வியர்வை ஆவியாகாது, உடம்பு சூடு இறங்காது. இங்கே ஓடிய வேகத்தை நம்பி அங்கே கிளம்பாதீர்கள். கிலோமீட்டருக்குப் பதினைந்து, இருபது வினாடி மெதுவாகத் தொடங்குங்கள்.

குழுவே இல்லாவிட்டால் மூன்று பேர் சேர்ந்தாலே போதும். எங்களுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது, தண்ணீர் கேனுக்கும் வாழைப்பழத்துக்கும் பங்கு போட்டுக்கொள்கிறோம். போட்டி நாளில் மட்டும் "கடைசி வரை சேர்ந்தே ஓடுவோம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அன்றைக்கு ஒருவருக்கு வயிறு சரியிருக்காது, ஒருவருக்குக் கால் நன்றாக இருக்கும். முதல் சில கிலோமீட்டர் சேர்ந்து போங்கள், பிறகு அவரவர் வேகம். முடிந்ததும் எங்கே சந்திப்பது என்பதை முந்தின நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கூட்டத்தில் கைப்பேசி சிக்னலை நம்ப முடியாது.