சிவப்பு சாக்பீஸ் கடைசி பெஞ்சுக்குத் தெரியுமா? – வகுப்பறை வண்ணங்கள், கேள்வி-பதில்

ஓவிய ஆசிரியராக இருந்தவன் என்பதால் என்னிடம் வருகிற கேள்விகள் எல்லாம் படம் வரைவது பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பாதிக்கு மேல் அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களிடமிருந்து வந்திருக்கின்றன. நல்லதுதான்.

பச்சை போர்டில் முக்கியமான சொற்களைச் சிவப்பு சாக்பீஸில் எழுதுகிறேன். பின்னால் இருப்பவர்கள் தெரியவில்லை என்கிறார்கள். ஜன்னல் வெளிச்சம் காரணமா?
– பத்தாம் வகுப்பு ஆசிரியை, திண்டுக்கல்

வெளிச்சத்தையும் பார்க்கலாம், ஆனால் முதல் குற்றவாளி அந்தச் சிவப்புதான். தூரத்தில் இருக்கும் எழுத்தைக் கண் பிரித்தறிவது நிறத்தை வைத்து அல்ல. எது வெளுப்பு, எது இருட்டு என்பதை வைத்துத்தான். போர்டை போனில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சிவப்பும் நீலமும் பலகையோடு கரைந்துபோயிருக்கும். வெள்ளையும் மஞ்சளும் எழுந்து நிற்கும்.

ஆகவே எழுத்து முழுக்க வெள்ளை, முக்கியமான சொல்லுக்கு மஞ்சள், அதைச் சுற்றி ஒரு கட்டம். சிவப்பு, நீல சாக்பீஸைத் தூக்கிப் போட வேண்டாம். படங்களில் பரப்பை நிரப்ப, சாக்பீஸைப் படுக்கப் போட்டுத் தேய்த்தால் அழகாக வரும். அந்தக் காலத்தில் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துக் கரும்பலகையில் பூசுவோம். அதில் பளபளப்பு இருக்காது. இப்போதைய போர்டு சில இடங்களில் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஒரு நாள் எழுதி முடித்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள், டீச்சர்.

என் வகுப்பில் ஒரு பையன் இலைக்குப் பழுப்பும் மரத்தண்டுக்குப் பச்சையும் தீட்டுகிறான். நன்றாகப் படிக்கிறவன். கவனக்குறைவா, குறும்பா?
– நான்காம் வகுப்பு ஆசிரியர், தேனி

இரண்டும் இல்லாமல் இருக்கலாம் சார். அவனுக்குச் சிவப்பு-பச்சை நிறப்பார்வைக் குறைபாடு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மாதிரி ஒரு பையனை எழுப்பி நிறுத்தி, வகுப்பே சிரிக்கும்படி செய்திருக்கிறேன். மறுபடி அவன் வண்ணப் பென்சிலைத் தொடவே இல்லை. காரணம் எனக்குப் புரிய ஐந்தாறு வருடம் ஆயிற்று.

இந்தக் குறைபாட்டின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பையன்களுக்கு எக்ஸ் ஒன்றுதான் என்பதால் அவர்களிடம் அதிகம், பெண்பிள்ளைகளிடம் அரிது. தாய்க்கு நிறமெல்லாம் சரியாகத் தெரியும், மகனுக்கு வந்துவிடும். தாய்மாமனுக்கோ தாய்வழித் தாத்தாவுக்கோ இருக்கிறதா என்று கேட்டால் சில சமயம் விஷயம் தெரிந்துவிடும். பள்ளியில் எழுத்து அட்டையைத் தூரத்தில் வைத்துப் பார்க்கிற கண் பரிசோதனையில் இது அகப்படாது. ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட, புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகள்தான் இன்றும் வழக்கம். கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். பிறவியிலேயே வருவதற்கு மருந்து கிடையாது, அது மோசமாவதும் இல்லை. ஆனால் சீக்கிரம் தெரிவது நல்லது. ரயில் ஓட்டுநர் வேலைக்கெல்லாம் நிறப்பார்வை கட்டாயம். பன்னிரண்டு வருடம் கனவு கண்ட பிறகு மருத்துவச் சோதனையில் முதன்முதலாகத் தெரியவருவது கொடுமை.

வகுப்பில் நீங்கள் செய்யக்கூடியது எளிது. கிரேயான் ஒவ்வொன்றிலும் நிறத்தின் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். எல்லாருடைய டப்பாவிலும் ஒட்டுங்கள், அவனுடையதில் மட்டும் வேண்டாம். “சிவப்புக் கோட்டைப் பாருங்கள்” என்பதற்குப் பதில் “மேலே இருக்கிற சிவப்புக் கோடு, புள்ளிக்கோடு” என்று சொல்லுங்கள். பார் வரைபடத்தில் ஒன்றுக்குச் சாய்கோடு, இன்னொன்றுக்குப் புள்ளி போடச் சொல்லுங்கள். அப்புறம், நோட்டில் நாம் சிவப்பு மையில் திருத்துகிறோமே, இந்தக் குறைபாட்டின் ஒரு வகையில் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாகவே தெரியும். திருத்திய இடத்தை வட்டமிடுங்கள்.

சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் கலந்தால் சாணி நிறம் வருகிறது. மானம் போகிறது!
– இடைநிலை ஆசிரியை, விழுப்புரம்

போஸ்டர் கலர் டப்பாவில் எந்தச் சிவப்பு என்று பாருங்கள். ‘வெர்மிலியன்’ என்றிருந்தால், அது ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது. அதாவது அதற்குள்ளேயே மஞ்சள் ஒளிந்திருக்கிறது. நீலம் ‘பிரஷ்யன்’ என்றால் அது பச்சைப் பக்கம் சாய்ந்தது. ஆக நீங்கள் கலப்பது இரண்டு நிறம் இல்லை, மூன்று. மூன்றும் கூடினால் சேறுதான். ‘கிரிம்சன்’ சிவப்பையும் ‘அல்ட்ராமரைன்’ நீலத்தையும் எடுங்கள், ஊதா வரும்.

தவறாக வந்ததையும் கொட்டிவிடாதீர்கள். இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் வைத்து “ஏன் இப்படி?” என்று கேட்டால் அதுவே ஒரு பீரியடுக்குப் போதும். முடிந்தால் தமிழ் நாளிதழ் ஒன்றைக் கொண்டுபோங்கள். பக்கத்தின் ஓரத்தில் நான்கு சின்ன வண்ணப் புள்ளிகள் தென்படும்: வெளிர்நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. அத்தனை வண்ணப் படங்களும் அந்த நாலு மையில் அச்சானவைதான். அச்சுக்காரர்கள் சிவப்பு, நீலத்தை விட்டுவிட்டு மெஜந்தாவையும் வெளிர்நீலத்தையும் பிடித்துக்கொண்டதன் காரணம் இப்போது பிள்ளைகளுக்கே புரியும்.

தெர்மாகோல் மாதிரிக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன், அரித்துப்போய்விட்டது.
– ஏழாம் வகுப்பு ஆசிரியர், சேலம்

ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். தண்ணீரில் கரையும் போஸ்டர் கலரோ அக்ரிலிக்கோ போதும். அதைவிட, அட்டைப்பெட்டியில் செய்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சுவர் முழுக்க சார்ட் ஒட்டினால்தான் வகுப்பு வகுப்பாகத் தெரிகிறது என்கிறார் எங்கள் தலைமை ஆசிரியர். உங்கள் கருத்து?
– ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, புதுக்கோட்டை

பார்வைக்கு வருகிறவர்களுக்கு அழகாக இருக்கும். பிள்ளைகளுக்கு? அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 24 மழலையருக்கு ஒரே அறையில் சில பாடங்களைச் சுவர் நிறைய அலங்காரத்தோடும், சிலவற்றைச் சுவரை வெறுமையாக வைத்தும் நடத்தினார்கள். அலங்காரம் இருந்தபோது பாட நேரத்தில் 38.6 சதவீதம் கவனம் வேறெங்கோ போனது; இல்லாதபோது 28.4 சதவீதம். பாடம் மனத்தில் நின்றதும் வெற்றுச் சுவரில்தான் கூடுதல். சிறிய ஆய்வுதான், அதை வைத்து எல்லாச் சார்ட்டையும் கிழிக்கச் சொல்லமாட்டேன். போர்டு இருக்கும் முன் சுவரைக் காலியாக விடுங்கள். இந்த வாரப் பாடத்துக்கான ஒன்றிரண்டு சார்ட் பக்கச் சுவரில், அதுவும் பிள்ளைகளின் கண்மட்டத்தில். பாடம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். மூன்று வருடமாக மங்கிப்போய்த் தொங்கும் சார்ட்டை யாரும் பார்ப்பதில்லை.

ரத்த ஓட்டப் படத்தில் சிரையை நீலமாகத் தீட்டுவதால், உடம்பில் நீல ரத்தம் ஓடுகிறது என்றே பிள்ளைகள் நம்புகிறார்கள். நிறத்தை மாற்றலாமா?
– அறிவியல் ஆசிரியர், நாகர்கோவில்

மாற்ற வேண்டாம்; பாடநூலிலும் தேர்விலும் அந்த வழக்கம்தான். ஆனால் தீட்டும் முன்பே “இது ரத்தத்தின் நிறம் இல்லை, ஆக்சிஜன் குறைவு என்பதற்கு நாம் வைத்த அடையாளம்” என்று படத்தின் மூலையில் எழுதவையுங்கள். மணிக்கட்டைப் பார்த்து “இதோ நீலமா இருக்கே சார்” என்பார்கள். தோல் வழியாக ஒளி சிதறி வருவதால் அப்படித் தெரிகிறது. ஊசி போட்டு எடுத்த ரத்தம் கருஞ்சிவப்பு என்பதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். படத்தில் நுரையீரல் சிரை மட்டும் ஏன் சிவப்பு என்று கேட்டுப் பாருங்கள். யாருக்குப் புரிந்தது என்று அங்கே தெரிந்துவிடும்.

இதே சிக்கல் உங்கள் பக்கத்து வகுப்பிலும் இருக்கும். அட்லஸில் நில அமைப்புப் படத்தில் பச்சை என்றால் காடு இல்லை, தாழ்ந்த நிலம். அது தெரியாத பையன், தார் பாலைவனப் பகுதி பச்சைச் சாயலில் இருப்பதைப் பார்த்து “அங்கே நல்ல மழை” என்று எழுதிவிடுவான். சமூக அறிவியல் ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள், படத்தின் ஓரத்தில் இருக்கிற குறிப்புப் பெட்டியை முதலில் வாசிக்கச் சொல்லட்டும்.