ஆட்டோகேட் வரைபட மென்பொருளில் வீட்டின் மாதிரியைச் சுற்றிக் கேமராவை ஓடவிட்டால் காட்சி நன்றாக அமையவில்லையே, என்ன செய்வது?

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளை அளந்து முப்பரிமாண மாதிரியாக வரைந்து கொடுப்பது என் தொழில். நீங்கள் செய்ததாக எழுதியிருப்பதைத்தான் நானும் முதலில் செய்தேன்: வீட்டைச் சுற்றி 40 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து, கேமராவை ஒரு பாதை வழியே நகர்த்திப் படமெடுக்கும் ‘அனிபாத்’ கட்டளையில் அதைக் கேமராவின் பாதையாகவும், வீட்டின் நடுப்புள்ளியைப் பார்வையின் இலக்காகவும் கொடுத்து, 20 விநாடிப் படம் எடுத்தேன். அந்த வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 251 மீட்டர். அதை 20 விநாடியில் கடப்பதென்றால் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகம். வேனில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றி வருவது போலத்தான் இருக்கும்.

வேகத்தைக் குறைத்தாலும் வேறொரு குறை தீராது. செட்டிநாட்டு வீட்டை வெளியிலிருந்து சுற்றினால் நீண்ட மதிலும் ஓட்டுக் கூரையும்தான் மிகுதியாகத் தெரியும். முகப்பு, நடு முற்றமுள்ள வளவு, அதன் பின்னுள்ள இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெரு வரை வாசல்கள் நேர்கோட்டில் செல்லும் வீட்டுக்கு வட்டப் பாதை பொருந்தாது என்பதே என் கருத்து. ஒரு நாற்காலிக்கோ இயந்திர உறுப்புக்கோ அது பொருந்தும்.

இத்தகைய வீட்டுக்கு நடந்து செல்லும் பாதையே சரி. அனிபாத் கட்டளையில் கேமராவுக்கும் இலக்குக்கும் தனித்தனியே பாதை கொடுக்கலாம். கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தினால் மட்டும் இலக்குக்குப் பாதை கட்டாயம். நான் முகப்பிலிருந்து பின்வாசல் வரை ஒரு பாதை வரைந்து, அதையே மூன்று மீட்டர் முன்னால் நகலெடுத்து இலக்கின் பாதையாகத் தருகிறேன். இரண்டு பாதைகளும் ஒரே கால அளவில் முடிவதால், இலக்கின் பாதை நீளமாக இருந்தால் அது கேமராவை விட வேகமாக ஓடிப் பார்வை விலகிக்கொண்டே போகும். ஒரே கோட்டின் நகலாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

பெரும்பாலோர் தவறுவது உயரத்தில். தரைமட்டத்தில், அதாவது இசட் மதிப்பு சுழியில் பாதையை வரைந்துவிட்டால் கேமரா ஆத்தங்குடித் தரைக் கல்லில் தவழ்ந்து செல்லும். பூ வேலைப்பாடு அருமையாகத் தெரியும், தூண் தெரியாது. நான் 1600 மில்லிமீட்டர் உயர்த்தி வைக்கிறேன். வளவின் முற்றம் சுற்றுத் தாழ்வாரத்தை விடத் தாழ்ந்திருக்கும் என்பதால், அதில் இறங்கிக் கடக்க வேண்டுமென்றால் சாதாரண பாலிலைன் (தொடர்கோடு) போதாது. அது ஒரே தளத்தில்தான் நிற்கும். முப்பரிமாண பாலிலைனோ ஸ்ப்லைன் என்ற வளைகோடோ வேண்டும். பாதையின் கோடு படத்தில் தெரிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம், தெரியாது.

வளவில் தூண்களை ஒட்டித் திரும்பும் இடத்தில் கூரான மூலை இருந்தால் கேமராவின் ஓட்டம் வெடுக்கென்று திசை மாறும். மூலையில் வேகம் குறையும் வசதி அனிபாத் கட்டளையின் அமைப்புப் பெட்டியிலேயே இருக்கிறது. என்றாலும் மூலையை வளைத்து வரைவதே எனக்குப் பிடித்த வழி. தொடங்கும் முன் காட்சி, தொலைவில் உள்ளவை சிறிதாகத் தெரியும் பெர்ஸ்பெக்டிவ் முறையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி நேரக் கணக்கு. 50 மீட்டர் நீள வீட்டை 40 விநாடியில் கடந்தால் இயல்பான நடை வேகம். விநாடிக்கு 30 சட்டகம் (தனிப்படம்) என்றால் 1200 சட்டகம். ஒளியும் நிழலுமாகப் படமாக்கும் தரமான ரெண்டரில் ஒரு சட்டகத்துக்கு 20 விநாடி பிடித்தால் 6 மணி 40 நிமிடம் ஆகும். ஆகவே முதலில் எளிய காட்சிப் பாணியில், குறைந்த அளவில், விநாடிக்கு 15 சட்டகத்தில் ஓடவிட்டுத் தவறுகளைத் திருத்திக்கொள்ளுங்கள். இறுதிப் படத்தை நான் ஒரே கோப்பாக எடுப்பதில்லை. ஒருமுறை பின்னிரவில் மின்சாரம் போய் மொத்த வேலையும் வீணானதிலிருந்து, முகப்புக்கு ஒன்று, வளவுக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று என்று பாதையையே மூன்றாக வெட்டித் தனித்தனியே எடுத்துப் பிறகு ஒட்டிவிடுகிறேன்.